கண்டம் பண்ணிய லொறியும் கண்டம் பண்ணாத ஜெனரல்களும்

இராணுவம் கண்டம் பண்ணி, அதாவது இனி உதவாதென்று கழித்துவிட்ட லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்து, தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்குப் பூசணிக்காய் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் மாத்தளை மாவட்டத்து விவசாயிக்காக இதை எழுதுகிறேன். பின்னால் ஒரு பெட்டியையும் கொழுவி இழுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால், தயவுசெய்து முதலில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து உட்காரட்டும். சமாசாரம் நீளம்.

லொறியின் பூர்வீகம் பெரியது. கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை என்று ஏறி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதி அதற்குத் தண்ணீர்பட்ட பாடு. சேவையில் இருந்த காலத்தில் அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குழாயிலிருந்து கரும்புகை போனால் அது யுத்த முயற்சி. பின்விளக்கு எரியாவிட்டால் பாதுகாப்பு உத்தி. முப்பது பேர் நின்றபடியே போனால் படைநகர்வு. குறுக்கே வந்த முச்சக்கரவண்டியில் மோதினால், குறுக்கே வந்தது முச்சக்கரவண்டியின் குற்றம். சிங்கள எழுத்தோடு தனக்கென்று தனி இலக்க வரிசை வைத்திருந்த அந்த லொறியின் முன்னால் கையை நீட்டி, "எங்கே லைசன்ஸ்?" என்று கேட்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரர் இன்னும் பிறக்கவில்லை.

ஏலத்தில் விலை பேசி முடிந்ததும் எல்லாம் மாறிவிடும். பச்சைச் சாயம் உரிந்து, லொறி பொதுமகனாகிறது. இந்த நாட்டில் பொதுமகனாவது எத்தனை ஆபத்தானது என்பது அதற்கு அப்போதுதான் விளங்கும். நேற்றுவரை கேட்காத கேள்விகளையெல்லாம் இன்று வட்டியோடு கேட்பார்கள். புகைப் பரிசோதனை, காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் வருமான உத்தரவுப் பத்திரம், எல்லாவற்றுக்கும் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு. நாரஹேன்பிட்டவுக்கு ஒரு நாள், வெரஹெரவுக்கு ஒரு நாள். கலேவெலயிலிருந்து விடியச்சாமம் பஸ் ஏறினால், வரிசையின் வாலைப் பிடித்துக்கொள்ளலாம். புகைப் பரிசோதனை நிலையத்து வாசலைத் தாண்டி, இரவும் பகலும் கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அது மக்கள் சேவை.

பிறகு பரிசோதகர் வருவார். ஒரு பேச்சுக்கு அந்த உரையாடலைக் கற்பனை செய்து பார்ப்போம்.

"செசி நம்பர் எங்கே?"

"இந்தா இருக்குங்க ஐயா. கொஞ்சம் துரு."

"கடைசி இலக்கம் மூன்றா, எட்டா?"

"நமக்கு எப்படிங்க தெரியும்? ஆமிக்காரங்க குடுத்தது."

"இது இலங்கைக்கு எப்ப வந்தது? யார் கொண்டு வந்தது? வந்த பத்திரம் எங்கே?"

"ஆமியில கேட்டேங்க. அது தேசிய பாதுகாப்பு விஷயம், சொல்ல ஏலாதுன்னாங்க."

"அப்ப சொல்ல ஏலாதுன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

கொண்டுவந்தவன் அரசாங்கம். ஓட்டித் தேய்த்தவன் அரசாங்கம். விற்றுக் காசை எண்ணியவனும் அரசாங்கம்தான். பத்திரம் காட்ட வேண்டியவன் மட்டும் பூசணிக்காய்க்காரன்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத கொடுமை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் எம்-35 என்ற இரண்டரைத் தொன் லொறியைப் பட்டாளம் ஏலத்தில் விடும்போதும் இதே வழக்குத்தான். 2014 கடைசியில் ஹம்வீ ஜீப்புகளை ஏலத்துக்கு விட்டார்கள். விற்பது மத்திய அரசு; வீதியில் ஓடலாமா என்று சொல்வது மாநிலம்; ஒரு மாநிலம் ஆம் என்கும், பக்கத்து மாநிலம் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள் என்கும். மணிலாக்காரர்கள் புத்திசாலிகள். உலக யுத்தம் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, மாதா படம் ஒட்டி, ஜீப்னி என்று ஊரையே ஏற்றிக்கொண்டு போனார்கள். நம்மூரில் அப்படி நீட்டினால் ஆறு மாதம் விளக்கமறியல்.

ஓய்வுபெற்ற லொறியின் கதி இது. ஓய்வுபெற்ற ஜெனரலின் கதியையும் பார்த்துவிடுவது நியாயம். கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாக இருந்த காலத்தில் விவசாய அமைச்சின் செயலாளர் பதவிக்கு மேஜர் ஜெனரல் சுமேத பெரேரா வந்தார். சுங்கத் திணைக்களத்துக்கு மேஜர் ஜெனரல் விஜித ரவிப்பிரிய. 2021இல் அத்தியாவசிய சேவைகளுக்கு மேஜர் ஜெனரல் நிவுன்ஹெல்ல. இவர்களில் யாருக்காவது புகைப் பரிசோதனை நடந்ததா? தகுதிச் சான்றிதழ் கேட்டார்களா? பார உழவுக்கு ஏற்ற என்ஜின்தானா என்று மூடியைத் திறந்து பார்த்தார்களா? அதே 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்துவிட்டு, பசுமை விவசாயத்துக்கென்று ஒரு செயற்பாட்டு மையம் திறந்து, அதை இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவின் கையில் கொடுத்தார்கள். மிளகாய்க் கன்றுக்கு இலைச்சுருட்டல் வந்தால் இராணுவத் தளபதியிடம் போக வேண்டிய காலம். அதற்கும் முன்பே, மரக்கறி விலை ஏறிய 2011 தொடக்கத்தில் முப்படையும் மரக்கறிக்கடை போட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் அச்சிடும் வேலைகூடக் கடைசியில் ஆமியிடமே போயிற்று. கண்டம் பண்ணிய லொறிக்கு ஒரு வயது உண்டு. ஜெனரலைக் கண்டம் பண்ணும் ஏலம் இந்த நாட்டில் நடப்பதில்லை.

இனி விளையாட்டை விட்டுவிடலாம். "எப்போது வந்தாய்? யார் கொண்டு வந்தது? பத்திரம் எங்கே?" என்ற மூன்று கேள்வியையும் மாத்தளைத் தமிழன் முதன்முதலாக லொறிக்காகக் கேட்கவில்லை. அவனுடைய பாட்டனிடம் கேட்டது இதே கேள்விதான்.

கோப்பித் தோட்டத்துக்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தது வெள்ளைக்காரனும் கங்காணியும். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு, தம்புள்ளை தாண்டி மாத்தளையில் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்துதான் மலைக்குள் பிரித்து அனுப்பினார்கள். யாரும் பாஸ்போட் கேட்கவில்லை. முதுகு மட்டும் போதுமாயிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் அந்த முதுகில் சவாரி செய்தபின், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, "உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?" என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழா? தோட்டத்து செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும். அதையும் துரை மாறும்போது கறையான் தின்றிருக்கும்.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதன்கீழ் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். 1946க்கு முன், கலியாணமானவன் ஏழு வருடமும் கலியாணமாகாதவன் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். கவனியுங்கள், வருடாந்த லைசன்ஸ் கேட்பது போலத்தான்: ஒரு வருடம் இடைவெளி விழுந்தாலும் பதிவு இல்லை. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். பரிசோதகர்கள் மூடியைத் திறந்து, துருவைச் சுரண்டி, பெயரில் ஓர் எழுத்துப் பிசகு கண்டு, பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு, ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரை ஏற்றுக்கொண்டார்கள். மிச்சப்பேர் கழிவு.

கழித்ததை ஏலம் விட வேண்டாமா? 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 லட்சம் இலங்கைக்கு. ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழுக்கு நான்கு விகிதம். பூசணிக்காய் வியாபாரியாவது காயைத் தட்டிப் பார்த்துத்தான் பிரிப்பான். இவர்கள் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா இந்தியப் பக்கம், மகள் இலங்கைப் பக்கம் என்று மலையகத்தின் எத்தனை ஸ்டேஷனில் ஒப்பாரி எழுந்தது என்று எந்தத் திணைக்களமும் பதிவு செய்யவில்லை. மிச்சம் மீதி நாடற்றவர்களின் பதிவு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த லொறியும் பதிவுக்காக 55 வருடம் நின்றதில்லை.

இலக்கத் தகட்டுக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்தவர்களுக்கு, லொறியும் பஸ்ஸும் இங்கிலீஷ் எழுத்தோடு ஓடுவது உறுத்தியது. சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தகட்டில் ஏற்றினார்கள். 1958 தொடக்கத்தில், அப்போதுதான் தேசியமயமாக்கிய பஸ்களை அந்தத் தகட்டோடு வடக்கே அனுப்பினார்கள். தமிழரசுக் கட்சிக்காரர் தாரை எடுத்துக்கொண்டு வந்து அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கே தமிழ்க் கடைப் பலகைகளுக்குத் தார். மலையகத்திலும் அந்த எதிர்ப்பு பரவி, பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டுத் தோட்டத் தொழிலாளர் இருவர் செத்தார்கள். ஏப்ரல் 9இல், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. இத்தனைக்கும் காரணம், வண்டியின் பின்புறம் ஓர் எழுத்து! உலகத்தில் எந்த மோட்டார் திணைக்களமும் ஒரு தகட்டைக்கொண்டு இவ்வளவு வேலை பார்த்ததில்லை. பிறகு 2025இல் வந்து, தகடு அடிக்கவே வழியில்லை, தட்டுப்பாடு, புது வாகனக்காரர் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு ஓடுங்கள் என்றார்கள். தகடே இல்லாவிட்டால் சண்டை எப்படிப் பிடிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை போலும்.

மாத்தளைக்கென்று இந்த விஷயத்தில் பழைய ஞானம் உண்டு. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, ஆறு நாள் வீதியில் வேலை செய், இல்லையேல் காசு கட்டு என்று சட்டம் போட்டபோது, தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, புரன் அப்புவோடு மாத்தளையில் வந்து இறங்கினார்கள் இங்கத்தைய மனிதர்கள். புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றது வெள்ளைக்காரப் பட்டாளம். இன்று மாத்தளையில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அமைச்சர்கள் வந்து மாலை போடுகிறார்கள். மாலை போட்டுவிட்டுத் திரும்பும் வாகனத்துக்கு எவ்வளவு வரிவிலக்கு என்று தூண் கேட்பதில்லை. பாராளுமன்ற உறுப்பினர்கள் தீர்வையில்லாப் பெர்மிட்டைக் கைமாற்றிக் கோடிகள் பார்த்த கதையை நாடே அறியும். 2024 கடைசியில் முன்னாள் இராஜாங்க அமைச்சர் ஒருவரின் மிரிஹான வீட்டில் பதிவே இல்லாத சொகுசுக் கார் அகப்பட்டது. செசி நம்பரில் ஓர் இலக்கம் மங்கினால் நம் விவசாயிக்கு மூன்று கடிதம் வேண்டும்; கார் முழுவதுமே மங்கலாயிருந்தால் அதை கராஜில் நிறுத்திக்கொள்ளலாம்.

லொறியின் பரிசோதகர் எத்தனையோ கேள்வி கேட்கிறார். எத்தனை தொன் ஏற்றும், எத்தனை அச்சு, பின்னால் கொழுவும் பெட்டிக்குத் தனி பிரேக் உண்டா. நல்லது, கேட்க வேண்டியவைதான். இறக்கத்தில் பெட்டி தள்ளினால் முன்னால் போகிற லொறி மடங்கி, வளைவில் பள்ளத்துக்குப் போகும். ரத்தோட்டை மலைப்பாதையில் பெட்டி இழுத்தவனுக்கு இது தெரியும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இதுவரை இந்த லொறியில் என்ன ஏற்றினார்கள்?

மாத்தளையில் கேட்க வேண்டிய கேள்வி அது. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட வந்தன. 150க்கும் மேற்பட்ட மனிதர்கள். 1987–90 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் படத்தோடு வந்து நின்றார்கள். 1989இல் இந்த மாவட்டத்தின் இராணுவப் பொறுப்பில் இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. எலும்பு வெளிவந்தபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். அவருடைய அண்ணன் ஜனாதிபதி. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ, இவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றார். ஆணைக்குழு அமைந்தது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி போயிற்று. திரும்பி வந்தபோது எலும்புகளுக்குத் திடீரென்று வயது ஏறிவிட்டது. அவை இன்னும் பழையவையாம். லொறியின் வயதைக் குறைத்து விற்கும் தரகரைக் கண்டிருக்கிறேன். எலும்பின் வயதைக் கூட்டி விற்கும் தரகு அரசாங்கத்துக்கே உரியது. மண்டையோட்டில் செசி நம்பர் அடித்திருந்தால் கதை வேறாயிருக்கும்.

அந்த நாட்களில் இரவில் வந்த வாகனங்களுக்கு இலக்கத் தகடு இருக்கவில்லை. பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் ஆட்களைக் கடத்த வந்த வெள்ளை வேனுக்கும் இருக்கவில்லை. வருமான உத்தரவுப் பத்திரம் காலாவதியானதற்காக ஒரு வெள்ளை வேனை மறித்துத் தண்டம் எழுதியதாக எந்தப் பொலிஸ் நிலையப் புத்தகத்திலும் இல்லை. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தது: இலக்கமும் செசி நம்பரும் கொடுத்தால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5. இலக்கம் இல்லாத வாகனம் அசையவே முடியாது என்பதை அரசாங்கம் தொழில்நுட்பத்தோடு நிரூபித்துக் காட்டியது அப்போதுதான். இருபது வருடம் முந்தியே அந்த அட்டையைக் கண்டுபிடித்திருக்கலாம்.

பெட்டிக்கு வருகிறேன். பெட்டி என்றால் ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டி. சரக்குக்கானது, ஆள் ஏற்றக் கூடாது, சட்டம் அப்படித்தான். நல்ல சட்டம். ஆனால் எல்கடுவப் பக்கத்திலும் கம்மடுவப் பக்கத்திலும் மலைக்கு மேலே பஸ் போகாத டிவிஷன்களில் ஆட்களை எதில் ஏற்றுகிறார்கள் என்று சட்டத்தை எழுதியவர் வந்து பார்க்கட்டும். கொழுந்து லொறியில் கொழுந்துக்கு மேலே உட்கார்ந்து போகிறாள் கொழுந்து பறித்தவள். பிரசவ வலி வந்தால் அதே லொறி. பிணம் வந்தாலும் அதே. மே தினத்தில் கொடி கட்டினால் பெட்டியில் நாற்பது பேர் நின்று போகலாம், பொலிஸ் வழி விட்டு நிற்கும். மறுநாள் அதே பெட்டியில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மறித்து, சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, தண்டப்பணத்தைத் தபால் கந்தோரில் கட்டிவிட்டு வா என்பார்கள். கட்டுகிறார்கள். தோட்டத்து ஆள் கட்டாமல் விட்டதாகக் கதையே இல்லை.

கட்டாமல் விடுகிறவர் வேறு. எல்கடுவ பிளான்டேஷன்ஸ் அரசாங்கத்தின் கம்பனி. ஜனவசம என்று ஊரில் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரசாங்கத்தினது. தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய சேமலாப நிதியையும், ஓய்வுபெற்றவருக்குக் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்தையும் வருடக்கணக்காக நிலுவையில் வைத்திருந்தது இந்த அரசாங்கத் தோட்டங்கள்தான் என்று பாராளுமன்றத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். பேசினார்கள், முடித்துவிட்டார்கள். கம்பனிக்குக் காசு கொடுக்க நேரமில்லை. ஆனால் 2023 ஓகஸ்டில் ரத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டுக்கொண்ட தற்காலிகக் குடிலை, அனுமதியில்லாத கட்டடம் என்று உடைத்தெறிய உதவி முகாமையாளருக்கு நேரம் இருந்தது. அனுமதியில்லாததாம். இருநூறு வருடமாக அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்தவனுக்கு ஒரு தகரக் கூரை பதிவில்லாத வாகனம் ஆகிவிட்டது.

ஆகவே மாண்புமிகு போக்குவரத்து அமைச்சருக்கும் பொலிஸ்மா அதிபருக்கும் ஒரு விண்ணப்பம். பூசணிக்காய் லொறியை மறிப்பதற்கு அலுவிஹாரைச் சந்தியில் நிற்கும் அந்தப் பொலிஸ்காரரை ஒரே ஒரு நாள் தோட்டக் கம்பனியின் கந்தோர் வாசலில் நிறுத்துங்கள். சேவைக்காலப் பணம் வராமலே செத்துப்போன ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சீட்டு. கட்டாத ஒவ்வொரு மாதத்துச் சேமலாப நிதிக்கும் ஒரு சீட்டு. பிந்திய ஒவ்வொரு வருடத்துக்கும் தண்டம். கட்டும்வரை முகாமையாளரின் பிராடோ பொலிஸ் நிலையத்து வளவில் நிற்கட்டும். சீட்டுப் புத்தகம் போதாது, அச்சடிக்க ஆளில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆமியிடம் கொடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் அடித்த கைப்பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.